டிரான்ஸ்பார்மருக்குள்ளே ஒரு சுற்றுக் கணக்கு



லால்பேட்டையில் நடந்த குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார்: "மேடம், டிரான்ஸ்பார்மர்ல மண்டையோடு போட்டு 11,000 வோல்ட்டுன்னு எழுதியிருக்கு. அங்கேருந்துதானே நம்ம வீட்டுக்கும் கரண்டு வருது? நம்ம மிக்ஸி மட்டும் எப்படி எரியாம ஓடுது?"

நல்ல கேள்வி. இதைத் தெரிந்துகொண்டால் ஒரு உயிரைக்கூட காப்பாற்றலாம்.

வோல்ட் என்பது கரண்டைத் தள்ளும் அழுத்தம். நம்ம வீராணம் தண்ணீர் 2004-லிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குப் போகிறது. அவ்வளவு தூரம் போக பம்பு வைத்து அழுத்தித் தள்ள வேண்டும் அல்லவா? கரண்டும் அப்படித்தான். நெய்வேலியிலிருந்து கிளம்பும் பெரிய டவர் லைன்களில் 4 லட்சம் வோல்ட் வரை உண்டு. அழுத்தம் கூடினால் ஆம்பியர் குறையும். கம்பி சூடாகி வீணாவதும் குறையும். பிறகு துணை மின்நிலையங்களில் படிப்படியாகக் குறைத்து, தெருமுனைக்கு 11,000 வோல்ட்டாக வருகிறது.

உள்ளே என்ன இருக்கு?

டிரான்ஸ்பார்மருக்குள் எண்ணெயில் மூழ்கிய இரும்புச் சட்டம் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பேஸுக்கும் இரண்டு கம்பிச் சுருள்கள். ஒன்றை ஒன்று தொடாது. முதல் சுருளில் கரண்டு பாயும்போது இரும்பில் காந்த சக்தி ஏறி இறங்கும். அந்த சக்தி இரண்டாவது சுருளில் கரண்டை உண்டாக்கும்.

கணக்கு ரொம்ப சுலபம். முதல் சுருளில் 2,200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 11,000 வோல்ட்டை 2,200-ஆல் வகுத்தால் சுற்றுக்கு 5 வோல்ட். இரண்டாவது சுருளில் 50 சுற்றுதான். 50 பெருக்கல் 5, ஆக 250 வோல்ட். கம்பியில் வரும்போது கொஞ்சம் குறைந்து, வீட்டில் சுமார் 230 கிடைக்கும். தெருவின் கடைசி வீட்டில் இன்னும் குறையலாம்.

இதே கணக்கு திரும்பியும் நடக்கும்!

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் வந்ததை மறக்க முடியுமா? கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. இப்படிப்பட்ட நேரத்தில் சிலர் ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் சொருகி விடுகிறார்கள். அது பெரிய ஆபத்து.

அந்தக் கரண்டு வீட்டோடு நிற்காது. தெருக்கம்பி வழியாக டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போகலாம். 50 சுற்றில் 230 வோல்ட் நுழைந்தால் சுற்றுக்கு 4.6 வோல்ட். எதிரே 2,200 சுற்று. பெருக்கிப் பாருங்கள், 10,120 வோல்ட்! கரண்டு இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் கதி என்ன? அவருக்கும் குடும்பம் இருக்கிறதே.

நாம் செய்ய வேண்டியது

- ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் ஒருபோதும் சொருகாதீர்கள். மிக்ஸியோ பேனோ, நேராக ஜெனரேட்டரிலேயே மாட்டுங்கள்.
- வீடு முழுக்கக் கரண்டு வேண்டுமா? லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள். லைன் கரண்டோ ஜெனரேட்டரோ, ஏதாவது ஒன்றுதான் அதில் இணையும்.
- குழுக் கடனில் ஜெனரேட்டர் வாங்குபவர்கள் இந்த சுவிட்சுக்கும் சேர்த்துக் கணக்கு போடுங்கள்.
- கம்பி அறுந்து கிடந்தால், கரண்டு இல்லாத நேரத்திலும் தொடாதீர்கள். மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, எல்லோரும் கேளுங்கள். வீட்டு ஆண்களிடமும் மறக்காமல் சொல்லுங்கள்.