மனை வாங்கும் இளைஞரும் அவர் நம்பும் மனிதர்களும்

புதுச்சேரியில் உத்தியோகம் கிடைத்த சில ஆண்டுகளிலேயே, சேர்ந்த சிறு தொகையைக் கொண்டு மனை வாங்கி விற்கும் தொழிலில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்குப் பெரியவர்கள் கூறும் முதல் புத்திமதி, நாலு பேரைத் தெரிந்து வைத்துக்கொள் என்பதே. நல்ல யோசனைதான், எனினும் அந்த நால்வரும் ஒருவருக்கொருவர் வேண்டியவர்களாக இருந்துவிட்டால், நாம் கேட்டது நாலு அபிப்பிராயமன்று, ஒன்றே.

ரெயின்போ நகரில் காமாட்சியம்மன் கோயிலுக்குரிய நிலம் போலித் தஸ்தாவேஜுகளால் கைமாறிய விவகாரத்தை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அதில் கைதானவர்களுள் சார்பதிவாளர் ஒருவரும் இருந்தார் என்பது நம்மைத் திடுக்கிடச் செய்ய வேண்டிய செய்தி. பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதிகிறதேயன்றி, விற்பவரின் உரிமைக்கு உத்தரவாதம் அளிப்பதில்லை.

ஆகவே, தரகர் அழைத்துவரும் வக்கீலிடம் காகிதங்களை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்காமல், விற்பவரோடு எவ்விதச் சம்பந்தமுமின்றி, கிரயம் முடிந்தாலும் முறிந்தாலும் தம் கட்டணம் மாறாத ஒரு வழக்கறிஞரைத் தாமே தேடிக்கொள்வது இளைஞரின் முதற் கடமை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். எல்லைக்கற்களை ஒரு நில அளவையர் அளக்கட்டும். கடன் வாங்கும் உத்தேசம் இல்லாதவருக்கும் வங்கி மேலாளரின் பரிச்சயம் பிரயோஜனமானது. ஒரு மனைக்குக் கடன் தர வங்கி ஏன் தயங்குகிறது என்பதை அறிவதே பெரிய லாபம்.

இந்நகருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பழைய வீடுகளின் மூலப்பத்திரங்கள் பல, பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டவை. மேலும், 1881 ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சொந்த வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக்கொண்ட ரெனோன்சான் குடும்பங்களுக்கு, 1963 இல் இங்கு விஸ்தரிக்கப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தாது. பிரெஞ்சுச் சட்டமோ, தந்தை உயில் எழுதியே பறித்துவிட முடியாத ஒரு பங்கைப் பிள்ளைகளுக்கென ஒதுக்கி வைக்கிறது. பாரிஸில் வாழும் ஒரு மகள் கையொப்பமிடவில்லையென்றால், உள்ளூர் அண்ணன் விற்ற வீடு பல ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்கில் சிக்கக்கூடும். அந்தச் சட்டமும் மொழியும் அறிந்த ஒரு மூத்த வழக்கறிஞரின் சிநேகம், பத்துத் தரகர்களின் சிநேகத்தைவிட மேலானது என்றே நான் கருதுகிறேன்.

நட்பின் பெயரால் வரும் அபாயங்களும் உண்டு. "தம்பி, உன் பேரில் பதிந்து வைப்போம்" என்று வேறொருவர் பணம் போட்டால், அது பினாமிப் பரிவர்த்தனை. 2016 இல் திருத்தப்பட்ட சட்டம் சொத்தைப் பறிமுதல் செய்வதோடு, ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடுங்காவலும் விதிக்கிறது. பவர் பத்திரத்தின் மூலமாக மட்டும் உரிமை மாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011 இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், அத்தொகைக்குச் சமமான அபராதம் பெற்றவர் மீதே விழும். வாங்கி விற்கும் இளைஞர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவும், அதை விற்றுத்தரும் தரகரும், 2016 ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. கிரய உடன்படிக்கை பதிவாவதற்கு முன் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் கேட்க விற்பவருக்கு உரிமையில்லை. சொன்ன தேதியில் ஒப்படைக்காவிட்டால் வட்டியோடு பணத்தைத் திரும்பக் கோரி ஒழுங்குமுறை ஆணையத்தில் முறையிடலாம். ஆனால் "புதுச்சேரி அருகே" என்று விளம்பரமாகும் கோட்டக்குப்பம், வானூர்ப் பக்கத்து மனைகள் விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தவையாதலால், அவற்றுக்குத் தமிழ்நாட்டு ஆணையத்தையே நாட வேண்டும்.

தனி ஒருவரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு ஒழுங்குமுறை ஆணையம் எதுவும் உதவாது. அங்கே சிவில் நீதிமன்றமே வழி. போலிப் பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்கை, மோசடி தெரியவந்த நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். வில்லங்கத்தைக் கவனியாத வழக்கறிஞர் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2024 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இடம் தராது. தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலிடம் முறையிடலாம், நஷ்டத்துக்குச் சிவில் வழக்குத் தொடரலாம். அதற்கு ஆதாரம் வேண்டுமாகையால், அவருடைய சட்டக் கருத்தை எழுத்திலும், கட்டணத்தை ரசீதோடும் பெற்று வைத்துக்கொள்வது அவசியம்.