தறி வீட்டுக் கூரையும் சங்கக் கடனும்

நெசவாளர் வீட்டில் தறி ஒரு மூலையில் இருப்பதில்லை. தறியைச் சுற்றித்தான் வீடு இருக்கிறது. தறிக்குழியும் பாவும் ராட்டையும் போக எஞ்சிய இடத்திலேதான் அடுப்பும் தொட்டிலும். ஆகவே அவ்வீட்டின் வெப்பம் உடலுக்கு அசௌகரியம் என்பதோடு நிற்பதில்லை. கூலியிலும் கை வைக்கிறது. இதனை நான் அறிந்துகொண்ட விதம் எனக்குப் பெருமை தருவதன்று. எனினும் அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் எழுதத் துணிந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளை ஆய்வு செய்தபோது, அங்கத்தினர் ஒருவரின் கடன் மனு என் கண்ணில் பட்டது. தம் வீட்டின் சிமெண்ட் அட்டைக் கூரைக்குமேல் வெள்ளையடிக்கவும், அடியில் மூங்கில் தட்டி கட்டவும் சிறு தொகை கேட்டிருந்தார். நிர்வாக சபையார் இணங்கியிருந்தனர். அச் சங்கத்தின் துணை விதியில் வீட்டுப் பழுதுக்குக் கடன் என்ற இனம் இல்லை. “உற்பத்திக்குச் சம்பந்தமற்ற செலவு” என்று குறிப்பெழுதினேன். கடன் நின்றது.

அடுத்த மே மாதம் சரக்கிருப்புச் சரிபார்ப்புக்காக அதே ஊருக்குச் சென்றேன். பிற்பகல் 2 மணி. அவர் தறியில் இல்லை. தெருவில் வேப்பமரத்தடியில் அமர்ந்திருந்தார். “கத்திரி முடியிறவரைக்கும் பத்து மணிக்கு மேல தறியில உட்கார முடியாதுங்க ஐயா” என்றார் அவர் மனைவியார். உள்ளே சென்று நின்றேன். தலைக்குமேல் நெருப்புச் சட்டி ஏந்தியது போல் இருந்தது. பாவில் அறுந்த இழைகளை அந்த அம்மையார் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

இழை ஏன் அறுகிறது? பருத்தி நூல் ஈரம் ஏற்றால் வலுக்கும், உலர்ந்தால் நலியும். நம் முன்னோர் தறியை மண்ணிற் குழி தோண்டி அமைத்ததற்கு, நிலத்தின் ஈரம் பாவுக்கு எட்டட்டும் என்பதும் ஒரு காரணமாகும். காற்றிலுள்ள நீராவி கூடாமலும் குறையாமலும் இருக்க, வெப்பம் மட்டும் ஏறினால் ஈரப்பதம் இறங்கிவிடும். 35 டிகிரியில் 60 விழுக்காடாக உள்ள ஈரப்பதம், 40 டிகிரியில் ஏறத்தாழ 46 விழுக்காடாகிறது. குழி கொடுப்பதைக் கூரை பறித்துக்கொள்கிறது! இவ்வளவும் நான் பட்டம் பெறும்போது படித்த பாடந்தான். குறிப்பு எழுதிய அன்று நினைவுக்கு வரவில்லை.

அதனினும் வருத்தந் தந்தது மற்றொன்று. சங்கக் கடன் கிடையாதெனத் தெரிந்ததும், அவர் மூக்குத்தியை அடகு வைத்து, ஊர்தோறும் வந்து விற்ற வியாபாரி ஒருவரிடம் தெர்மோகோல் பலகைகளை வாங்கி, அட்டையின் அடியில் ஒட்டச் செய்திருந்தார். ஒரு கோடையிலேயே பசை விட்டு, பலகை உதிர்ந்து, வெண்பொடி பாவில் விழலாயிற்று. தெர்மோகோல் வெப்பத்தைத் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் எளிதில் தீப்பற்றிக் கரும்புகை கக்குவது. நூலும் விளக்கும் ஒன்றாக உள்ள வீட்டில் அதனைத் திறந்தவாறு கட்டுதல் ஆகாது.

குளிர் தேசங்களில் பழைய வீடுகளுக்கு வெப்பக்காப்பு செய்வது நெடுநாளைய வழக்கம். இங்கிலாந்தில் கூரைக்குக் கீழுள்ள பரணில் 270 மில்லிமீட்டர் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு விரிக்கப் பரிந்துரைக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டுவது போர்வை. நமக்கு வேண்டுவது குடை. தமிழ்நாட்டில் கதிரவன் ஏப்ரல் மாதத்தில் ஒரு முறையும் ஆகஸ்டை ஒட்டி மறுமுறையும் உச்சந்தலைக்கு நேரே வருகிறான். ஆகையால் சுவரைக் காட்டிலும் கூரையே அதிகம் காய்கிறது. மேற்குச் சுவருக்கு ஒரு பந்தலோ மரமோ போதும். கூரையில் விழும் வெயிலை வெளியிலேயே திருப்பிவிடுவது முதல் வேலை. உட்புகுந்ததைத் தடுப்பது இரண்டாவது.

முதல் வேலைக்குச் சுண்ணாம்புக்கு நிகரான மலிவுப் பொருள் இல்லை. புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பியனுப்பும். நாட்பட்ட சாம்பல் நிறத் தளமோ பாதிக்கு மேல் விழுங்கிக்கொள்ளும். வீட்டினுள் 2 முதல் 5 டிகிரி வரை குறைவதாகப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, பிடிப்புக்குப் பசையோ அரிசிக் கஞ்சியோ சேர்த்து, இரண்டு மூன்று பூச்சாக அடிக்க வேண்டும். பாவுக்குக் கஞ்சி போடுகிறவர்களுக்கு இதை நான் கற்பிக்க வேண்டியதில்லை. தெலங்கானா அரசு 2023இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

இரண்டாவது வேலைக்கு, அட்டைக்கு ஒரு சாண் கீழே மூங்கில் தட்டி கட்டி, இரு முனைகளிலும் காற்றுப் போக வழி விடுதல் நன்று. தட்டியின் மேற்புறம் அலுமினியத் தாளை, பளபளக்கும் முகம் மேலே இருக்குமாறு பரப்பினால் பலன் கூடும். எலி புகாதபடி முனைகளில் வலை அடிக்க வேண்டும். கோடையில் அட்டையின்மேல் தென்னங்கீற்று வேய்வது நம் பக்கத்து வழக்கம். குளிர்ச்சி தரும், ஆயின் தீக்கு அஞ்ச வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் அட்டை பற்றி ஓர் எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். அதன் இழைத் தூசு புற்றுநோய் விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்டது. பழைய அட்டையை உலர்ந்த நிலையில் சுரண்டவோ, துளையிடவோ, அறுக்கவோ கூடாது. நன்றாக நனைத்து மென்மையாகக் கழுவியபின் பூச வேண்டும். தட்டியைச் சட்டங்களில் கட்ட வேண்டுமேயன்றி அட்டையில் அன்று. அட்டையின்மேல் நேரே கால் வைத்தல் உயிருக்கே ஆபத்து. சட்டத்துக்குச் சட்டம் எட்டும்படி பலகை போட்டு அதன்மேல் செல்க.

தளம் போட்ட வீடுகளில், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி மேலே தட்டோடு பதிப்பது பழைய முறை. இதற்குப் பாரம் உண்டு என்பதைப் பலர் மறக்கிறார்கள். மூன்று அங்குல ஜல்லித் தளம், நூறு சதுர அடிக்கு ஒரு டன்னுக்கு மேல் கனக்கும். பொறியாளரைக் கேளாமல் பழைய தளத்தில் ஏற்றலாகாது. மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில், மேலே நீர்புகாப் பூச்சைக் கனமாக அப்பினால் உள்ளே தங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உத்தரத்தை உளுக்கச் செய்யும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பே தக்கது.

“மின்சாரம் இலவசந்தானே, இன்னொரு விசிறி போட்டால் என்ன?” என்று ஒரு சங்கத்தில் கேட்டார்கள். கைத்தறிக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட் என்றிருந்ததை 2023இல் அரசு 300 ஆக உயர்த்தியது உண்மை. 75 வாட் விசிறி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரு மாதத்தில் 54 யூனிட் ஆகிறது. ஆகவே கணக்கு இடங்கொடுக்கும். ஆனால் காய்ந்த கூரையின் கீழுள்ள காற்றைத்தானே விசிறி சுழற்றித் தருகிறது? பாவும் அதனால் மேலும் உலரும்.

என் பழைய குறிப்பை நானே திருத்தி எழுதினேன். அச் சங்கத்தார் பொதுப் பேரவையைக் கூட்டி, துணை விதியில் ‘தறிக்கூடக் கூரைச் சீரமைப்பு’ என்ற இனத்தைச் சேர்த்துப் பதிவும் பெற்றார்கள். சுண்ணாம்பையும் மூங்கிலையும் சங்கமே மொத்தமாக வாங்கிக் கொடுக்கிறது. தொகை கூலியில் சிறிது சிறிதாகப் பிடிக்கப்படுகிறது. மூக்குத்தி மீண்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. காரியதரிசிதான் மீண்டதெனச் சொன்னார்.

விவசாய அங்கத்தினர்களும் தங்கள் மாட்டுக் கொட்டகைக்கு இம்முறையைக் கையாளலாம். வெப்பத்தில் பால் குறைவது அவர்கள் அறிந்ததே.

சுண்ணாம்பு பெரும்பாலும் ஒரு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது. ஆண்டுதோறும் மாசியில் அடித்தாக வேண்டும் என்பதால், அச் சங்கத்தில் மனுக்களைத் தை முடிவதற்குள் வாங்கிவிடுகிறார்கள். மனுவில் கூரையின் நீள அகலமும், அட்டையா ஓடா தளமா என்பதும், தெரிந்தால் அட்டை போட்ட ஆண்டும் குறிக்கப்பட வேண்டும்.