சிலைக்கும் ஊர் உண்டு

சைகோனில் 1885இல் பிறந்த ழூவோ துப்ரேய் 1909இல் ஆசிரியர் வேலைக்காகப் பிரெஞ்சுப் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். தென்னாட்டுக் கோயில்களுக்கு வயது சொல்ல அன்று கல்வெட்டுதான் பெரிய துணை. கல்வெட்டு இல்லாத கோயிலென்றால் ஆளுக்கொரு காலம் சொல்வார்கள்.

துப்ரேய் கட்டடத்தையே படிக்கத் தொடங்கினார். தூணின் தலையில் இருந்து உத்திரத்தைத் தாங்கும் போதிகையை எடுத்துக்கொள்வோம். பல்லவர் காலத்தில் அது அலை அலையாக வளைந்திருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனை நீட்டும். விஜயநகரக் காலத்தில் அந்த முனையே தாமரை மொட்டாகித் தொங்கும். கூரை விளிம்பில் கூடு எனப்படும் வளைவு அலங்காரங்களும் மாடக்குழிகளும் இப்படியே காலந்தோறும் மாறிவந்ததை வரிசைப்படுத்தி, 1914இல் வந்த தம் இரு தொகுதி நூலில் வெளியிட்டார். இன்று மரபு நடைக்குப் போகும் மாணவர் தூணை அண்ணாந்து பார்த்து “இது சோழர் வேலை” என்று சொல்வதற்கு வழி திறந்தவர்களில் அவரும் ஒருவர். காஞ்சி கைலாசநாதர் கோயில் திருச்சுற்றின் சிற்றாலயங்களில் பல்லவர் ஓவிய எச்சங்களை 1931இல் கண்டு சொன்னவரும் அவரே. புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளில் ரோமானியத் தொடர்பைக் கண்டதும் அவர்தான். அங்கே 1945இல் தொல்லியலாளர் வீலர் அகழாய்வு செய்தார்.

இத்தனை அறிந்தவர் கை வழியாகவே சிலைகள் வெளியேறியதையும் சொல்லியாக வேண்டும். காஞ்சிபுரம் பகுதியில் கிடைத்த பத்தாம் நூற்றாண்டு யோகினித் தேவியரின் சிற்பங்கள், 1920களில் பாரிஸ் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவிடம் போய்ச் சேர அவர் துணைநின்றார். தொல்பொருள் ஏற்றுமதிக்கென்றே தனிச் சட்டம் 1947இல்தான் வந்தது. ஒரே கோயிலில் கூடியிருந்த தேவியரில் சிலர் சென்னை அருங்காட்சியகத்தில் தங்கினர். மற்றவர்கள் டெட்ராய்ட், மின்னியாபோலிஸ், வாஷிங்டன் என்று பிரிந்தனர். சிலைகள் அருங்காட்சியகங்களில் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவர்கள் குடியிருந்த கோயில் எங்கே நின்றது, யாருக்குப் பக்கத்தில் யார் அமர்ந்திருந்தார் என்பதை இன்று எவராலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. கல் பிழைத்தது, இடம் அழிந்தது.

அதே புதுச்சேரியில் 1955இல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டிலிருந்து அதன் புகைப்படக்காரர்களும் ஆய்வாளர்களும் கோயில் கோயிலாகப் போய்ப் படமெடுத்தார்கள். பெரிய கோயில்கள் மட்டுமல்ல, ஒருகாலப் பூசைக்கே வழியில்லாத சிற்றூர்க் கோயில்களும் அதில் அடங்கும். சிலையை எடுத்துவராமல் அதன் படத்தை மட்டும் எடுத்து, ஊர்ப்பெயரோடும் கோயில் பெயரோடும் அடுக்கிவைத்தார்கள். இன்று அந்தத் தொகுப்பில் 1,60,000க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன.

அவற்றின் அருமை அரை நூற்றாண்டு கழித்துத் தெரிந்தது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் திருடுபோன சோழர் கால நடராஜர், 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். அவர் ஸ்ரீபுரந்தான் கோயிலில் இருந்தபோது எடுத்த படம் புதுச்சேரித் தொகுப்பில் இருந்தது. விருத்தாசலத்தில் திருடுபோன அர்த்தநாரீஸ்வரருக்கும் அப்படியே படம் இருந்தது. போலி உரிமைப் பத்திரங்கள் படத்தின் முன் நிற்கவில்லை. 2014 செப்டம்பரில் இருவரும் இந்தியாவுக்குத் திரும்பினர்.

ஆனாலும் இது முழு வெற்றி ஆகிவிடவில்லை. திரும்பிவந்த நடராஜர் கும்பகோணத்தில் உள்ள திருமேனிப் பாதுகாப்பு மையத்துக்கே கொண்டுபோகப்பட்டார். திருட்டுக்கு அஞ்சி இன்னும் எத்தனையோ ஊர்களின் உற்சவர்கள் இப்படிப் பூட்டிய அறைகளில் இருக்கிறார்கள். ஆர்வத்தோடு செய்யும் திருப்பணிகளே வேறு சில ஊர்களில் பழைய சுவரைச் சிமெண்டால் மூடி, போதிகையை எனாமல் வண்ணத்தால் மறைத்துவிடுகின்றன. அந்தத் தூணுக்கு வயது சொல்ல இனி எந்தத் துப்ரேயாலும் ஆகாது.

அன்றைய கலை வரலாற்றாளர் சிலையின் காலத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஊரையும் காப்பது தம் வேலை என்று பின்வந்தவர்கள் உணர்ந்தார்கள். அந்த வேலைக்கு இன்று பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை. திருப்பணி தொடங்குமுன் கோயிலின் ஒவ்வொரு தூணையும், மாடத்தையும், திருமேனியையும் படமெடுத்து, ஊர், கோயில், இருந்த இடம், தேதி நான்கையும் குறித்து, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்தட்டும். ஊர்ப் பள்ளி மாணவர்களே இதைச் செய்யலாம். நாளை ஒரு சிலை காணாமல் போனால், அது எங்கள் ஊர்ச் சிலை என்று சொல்ல அந்த ஊருக்கு வேறு எந்தச் சாட்சியும் தேவைப்படாது.