உங்களுக்குத் தெரியுமா? மலைநாட்டில் பிறந்த சிலம்ப நாயகன்

இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் நம்ம பட்டிப்பொல: 1,891 மீட்டர். இங்கிருந்து கொழும்பு ரயிலில் நானுஓயா, ஹட்டன் தாண்டி இறங்கினால் நாவலப்பிட்டி வரும். 1917 ஜனவரி 17இல் எம்.ஜி.ஆர். பிறந்த ஊராகச் சொல்லப்படுவது அதுதான்.

தகப்பன் இறந்ததும் தாய் சத்தியபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் போனார். வறுமை சிறுவனை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்த்தது. பாட்டு, வசனத்தோடு சண்டைப் பயிற்சியும் கற்றுத்தந்த பள்ளிக்கூடம் அது.

முதல் படம் 'சதி லீலாவதி' (1936). அதில் அவருக்குச் சின்ன போலீஸ் வேடம்தான். ஆனால் கதையைக் கவனியுங்கள்: கொலைப் பழிக்குப் பயந்த நாயகன் இலங்கைக்கு ஓடிவந்து தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான்! நம் லயத்து வாழ்க்கை அத்தனை சீக்கிரமே தமிழ்த் திரைக்கு வந்துவிட்டது.

கத்திச் சண்டையில் பேர் வாங்கிய நடிகர்கள் பலர். கம்பு சுற்றுவதைத் திரையில் கௌரவமான கலையாக நிறுத்தியவர் எம்.ஜி.ஆர். தான். 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்தில் ஊர்நடுவே சிலம்பப் போட்டி. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு வீசுவார். சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் அந்தப் படத்துக்கே கிடைத்தது. தோட்டத் திருவிழாக்களில் சிலம்படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

1965இல் நடிகை சரோஜாதேவியுடன் இலங்கைக்கு வந்தபோது, அவர் தமிழகத்தின் உச்ச நட்சத்திரம். 1977இல் முதலமைச்சரானார், 1980இல் சில மாதங்கள் நீங்கலாக, 1987 டிசம்பர் 24இல் மறையும்வரை அந்தப் பதவியில் இருந்தார். மறுவருடம் பாரத ரத்னா வழங்கப்பட்டது.