மழைத் தோட்டத்தில் ஒரு சிறு கமரா

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரண்டு மாவட்டங்கள் சேர்ந்ததே சபரகமுவ மாகாணம். மலைநாட்டின் உயர்ந்த சிகரங்கள் தாழ்நிலத்தை நோக்கி இறங்கிவரும் சரிவில் அமைந்த பூமி அது. மேற்சரிவுகளில் தேயிலையும் கீழ்ச்சரிவுகளில் ரப்பரும் வளர்கின்றன. இறக்குவானை, பலாங்கொடை, தெரணியகல, எட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் தமிழ் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர். இத்தோட்டங்களில் பிறந்து, கொழும்பிலோ வேறு நகரிலோ வேலை பார்த்துச் சிறிது பணம் சேர்க்கும் இளைஞர் பலருக்கு இன்று ஓர் ஆசை எழுகின்றது. ஊருக்குத் திரும்பும்போது தோளில் ஒரு நல்ல கமராவை மாட்டிக்கொண்டு வரவேண்டும், தோட்டத்தையும் தோட்டத்து மக்களையும் படமெடுக்க வேண்டும் என்பதே அந்த ஆசை. ஆனால், கடையில் அடுக்கி வைத்திருக்கும் நூறு கருவிகளில் எதனைத் தெரிவு செய்வது?

இவ்வினாவுக்கு விடை தேடுமுன் ஒரு செய்தியை நினைவிற்கொள்வது நன்று. இலங்கைத் தோட்டத் தொழிலாளர் படமெடுக்கப்படாதவர் அல்லர். புகழ்பெற்ற ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரன் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமாகும்வரை அவர் இந்நாட்டுத் தொழிலாளர் சிலரையும் படமெடுத்தார். ஸ்கீன், ஸ்கோவன், பிளாட்டே முதலிய நிறுவனத்தார் கொழுந்து பறிக்கும் பெண்களின் படங்களை அச்சிட்டு உலகெங்கும் விற்றனர். அப்படங்களின் அடியில் "தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்" என்பது போன்ற ஒரு வரி இருக்கும். அப்பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது. முகம் உண்டு, பெயர் இல்லை. படம் உண்டு, அது படத்திலுள்ளவரின் வீட்டை அடைந்ததில்லை. எனவே தோட்டத்துப் பிள்ளையின் கையில் ஒரு கமரா வருவது வெறும் பொழுதுபோக்கன்று. பெயரறிந்தவர் பெயரறிந்தவரைப் படமெடுக்கும் வாய்ப்பு அது. ஆதலின் அக்கருவி அந்த மண்ணுக்கும் அந்த மழைக்கும் அந்த முகங்களுக்கும் ஏற்றதாய் இருத்தல் வேண்டும்.

சிறிய கமராவின் வரலாறு நூறாண்டு கடந்தது. ஜெர்மனியில் ஒஸ்கார் பர்னாக் என்பவர் உருவாக்கிய லைக்கா கமரா 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மூன்று கால் தாங்கியும் கறுப்புத் துணியும் இன்றி, சட்டைப்பைக்குள் கருவியை வைத்துக்கொண்டு தெருவில் நடந்தபடியே படமெடுக்கலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. இலங்கையின் ஒப்பற்ற புகைப்படக் கலைஞரான லயனல் வெண்ட் (1900–1944) அத்தகைய சிறு கருவியைக் கொண்டே இந்நாட்டு மக்களின் அன்றாட வாழ்வைப் படங்களாக்கினார்.

பின்னர் உலகெங்கும் பரவியது ஆடி பொருத்திய கமரா. வில்லை வழியே வரும் ஒளி, உள்ளே சாய்வாக நிற்கும் ஓர் ஆடியில் பட்டு, மேலே திரும்பி, பட்டகம் ஒன்றன் வழியாகக் கண்ணை அடையும். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழுந்து ஒளிக்கு வழிவிடும். இந்த ஆடி அசைவதற்கு இடம் வேண்டுமல்லவா? அதனாற்றான் அக்கருவிகள் பருத்திருந்தன. நிக்கன் நிறுவனத்தின் அவ்வகைக் கமராக்களில் வில்லை பொருந்தும் வளையத்துக்கும் படச்சுருளுக்கும் இடையே 46.5 மில்லிமீட்டர் தூரம் இருந்தது.

2008ஆம் ஆண்டில் ஒலிம்பஸ், பானசோனிக் ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்து ஒரு புதிய முறையை அறிவித்தன. ஆடியை அடியோடு நீக்கிவிட்டு, ஒளியை நேரே மின்னணு உணரியின் மீது விழச்செய்து, உணரி காணும் காட்சியைச் சிறு திரையொன்றில் கண்ணுக்குக் காட்டுவதே அம்முறை. ஆடி போனவுடன் அந்த 46 மில்லிமீட்டர் ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது. கருவியும் சிறுத்தது, வில்லையும் சிறுத்தது. 'மிரர்லெஸ்' என்று இன்று கடைகளில் வழங்கும் ஆடியில்லாக் கமரா இதுவே. சோனி, ஃபுஜிஃபில்ம், கெனன், நிக்கன் முதலியோரும் சில ஆண்டுகளுக்குள் இவ்வழியைப் பின்பற்றினர்.

இனித் தோட்டத்துக்குரிய சோதனைகளைப் பார்ப்போம். முதற்சோதனை இருள்.

ரப்பர் பால்வெட்டுக் காலையிலேயே நிகழ்வது. குளிர்ந்த வேளையிற்றான் பால் நன்கு வடியும். மரங்களின் அடர்ந்த இலைக்கூரையின் கீழ் அந்நேரத்து ஒளி மிகக் குறைவு. லயக் காம்பராவின் உட்புறமோ ஒரு கதவும் ஒரு சிறு யன்னலுமே ஒளி தருவது. மாசி மாதத்துக் காமன் கூத்து நள்ளிரவில் நடைபெறும். இவ்விடங்களிற் கைபேசியின் படம் மங்கி, சேறு பூசியதுபோல் ஆகிவிடுவதுண்டு. காரணம் உணரியின் பரப்பு. பெரும்பாலான கைபேசிகளில் அது 100 சதுர மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒலிம்பஸ், பானசோனிக் முறையில் 17.3க்கு 13 மில்லிமீட்டர், அதாவது 225 சதுர மில்லிமீட்டர். சோனி, ஃபுஜிஃபில்ம் முதலியோரின் இடைத்தரக் கருவிகளில் ஏறத்தாழ 367. பழைய படச்சுருளுக்கு நிகரான முழு உணரியில் 864. பாத்திரத்தின் வாய் அகன்றால் மழைநீர் மிகுதியாக விழுவது போல, உணரி அகன்றால் ஒளி மிகுதியாகச் சேரும்.

உணரியினும் முக்கியமானது வில்லை. கமராவுடன் சேர்த்து விற்கப்படும் சாதாரண வில்லையின் துவார எண் 3.5 முதல் 5.6 வரை இருக்கும். இந்த எண் சிறுக்கச் சிறுக்கத் துவாரம் பெருக்கும். 5.6 எண்ணுள்ள வில்லையைக் காட்டிலும் 1.8 எண்ணுள்ள வில்லை ஒன்பது மடங்குக்கும் மேற்பட்ட ஒளியை உள்ளே விடும். ஆகவே இரண்டு மூன்று வில்லைகளுக்குச் செலவிடும் பணத்தை 1.7 அல்லது 1.8 எண்ணுள்ள ஒரே வில்லைக்குச் செலவிடுவது அறிவுடைமை. பானசோனிக் 2009இல் வெளியிட்ட 20 மில்லிமீட்டர் வில்லை இதற்கு நல்ல உதாரணம். அதன் எண் 1.7, எடை 100 கிராம் மாத்திரமே. தூரத்துப் பொருளை அருகில் இழுத்துக் காட்டும் ஆற்றல் அதற்கில்லை. படமெடுப்பவரே நடந்து அருகிற் செல்லவேண்டும். அறிந்த மக்களைப் படமெடுப்பவருக்கு அது குறையாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கை நடுக்கத்தைத் தணிக்கும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. ஒலிம்பஸ் 2012இல் வெளியிட்ட ஈ-எம் 5 என்னும் கமரா ஐந்து வகை அசைவுகளைத் தணிக்க வல்லது. ஆயினும் அவ்வமைப்பு எடுப்பவரின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றி, எதிரே இருப்பவரின் அசைவை நிறுத்தாது. கொழுந்து பறிக்கும் விரல்களின் வேகத்தைத் தெளிவாகப் பிடிக்க வேண்டுமாயின் ஷட்டர் விரைவாகவே மூடித் திறக்க வேண்டும். அதற்கு ஒளி வேண்டும். ஒளிக்கு அகன்ற வில்லை வேண்டும்.

இரண்டாவது சோதனை மூடுபனியும் முகமும். வெண்பனி சூழ்ந்த மலையில் நிற்கும் கருநிற முகத்தைக் கமரா தானாகவே அளந்து எடுக்கும்போது, பின்னாலுள்ள வெண்மையைக் கண்டு ஒளி மிகுதி என்று தவறாக எண்ணிவிடும். விளைவாக முகம் கரிக்கட்டைபோல் ஆகிவிடும். ஆடியில்லாக் கமராவின் தலையாய நன்மை இங்கேதான் விளங்குகின்றது. ஆடியுள்ள கருவியின் கண்துளையில் தெரிவது வெளியுலகம். ஆடியில்லாக் கருவியின் கண்துளையில் தெரிவதோ எடுக்கப்படப்போகும் படம். முகம் இருண்டு தெரிந்தால் ஒரு சக்கரத்தைச் சற்றே திருப்பி ஒளியைக் கூட்டிவிடலாம். அச்சக்கரம் விரலுக்கு எளிதில் எட்டும் இடத்தில் அமைந்திருக்கின்றதா என்பதைக் கடையிலேயே பார்த்துக்கொள்ளல் வேண்டும். கண் வைத்துப் பார்க்கும் துளையே இல்லாத மலிவான கருவிகளும் உண்டு. வெட்டவெளி வெயிலில் அவற்றின் பின்திரை கண்ணுக்குப் புலப்படாது. அவற்றைத் தவிர்ப்பது நலம்.

மூன்றாவது சோதனை ஈரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கின்றது. மழை புகாதவாறு அடைப்பிட்ட கமராக்கள் சில உண்டு. மேலே கூறிய ஈ-எம் 5 அவற்றுள் ஒன்று. ஆனால் கமராவுக்கு அடைப்பு இருந்து வில்லைக்கு இல்லையாயின் பயனில்லை. கதவைப் பூட்டி யன்னலைத் திறந்து வைத்தது போலாகும். இரண்டுக்கும் அடைப்புள்ள கருவி விலை மிகுந்தது. அது இயலாதவர் ஒரு குடையும், வில்லை நீட்டுவதற்கு ஓட்டையிட்ட பிளாஸ்டிக் பையும் கொண்டு காரியத்தை நடத்தலாம்.

பெய்யும் மழையைக் காட்டிலும் கொடியது காற்றிலுள்ள ஈரம். அது வில்லையின் கண்ணாடிகளுக்கிடையே பூஞ்சணத்தை வளர்த்துவிடும். முதலில் சிலந்தி நூல்போல் தோன்றும் அது, நாளடைவில் கண்ணாடியின் மேற்பூச்சையே தின்றுவிடும். தோலுறை அழகானது; ஆனால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் கமராவை வைப்பதே சிறந்தது. பொதியின் மணிகள் நிறம் மாறியவுடன் மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். சிவனொளிபாத மலையின் குளிரிலிருந்து இறங்கி வெதுவெதுப்பான வீட்டுக்குள் நுழைந்ததும் கமராவைப் பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டுவைத்தால் அதன்மேல் நீர் படியாது.

நான்காவது சோதனை எடையும் விலையும். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. இக்கணக்கில் ஒரு புதிய கமரா என்பது ஒரு குடும்பத்தின் பல மாத உழைப்பு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும். பகல் வெளிச்சத்திற் படமெடுப்பதே நோக்கமாயின் கையிலுள்ள கைபேசியே போதும்; கடன்பட்டுக் கமரா வாங்கத் தேவையில்லை. இருளிலும் பனியிலும் எடுக்க விரும்புவோர் பத்தாண்டுப் பழமையான கருவியைப் பிறர் கையிலிருந்து வாங்கலாம். 2014இல் வெளிவந்த சோனி ஏ 6000 போன்ற கமரா 344 கிராம் எடையே உள்ளது. அதன் படங்களை இன்றும் பெரிதாக அச்சிடலாம். பழையது வாங்குவோர் வில்லையின் ஒருபுறம் கைவிளக்கை வைத்து மறுபுறம் பார்த்துப் பூஞ்சணம் உண்டா என்று சோதித்தல் வேண்டும். அதற்குரிய மின்கலம் இன்னும் விற்பனையில் உள்ளதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஆடியில்லாக் கமராவின் திரை ஓயாது எரிவதால் மின்கலம் விரைவில் தீரும். மழைக்காலத்தில் மின்சாரம் தடைப்படுவது வழக்கமாதலால் மேலதிக மின்கலம் ஒன்று இன்றியமையாதது.

கருவி கைக்கு வந்துவிட்டது. அதனால் ஆகவேண்டிய காரியம் யாது? 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியப் பகுதியிலும் பெரும் மண்சரிவுகள் நேர்ந்தன. உயிர்களும் வீடுகளும் மண்ணுள் மறைந்தன. வீடு மறையும்போது சுவரில் மாட்டிய படமும், பெட்டியில் வைத்த படமும் மறைகின்றன. இறந்தவரின் முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே எடுத்த படம் ஒரே இடத்தில் இருத்தல் ஆகாது. ஒரு பிரதி கமராவுக்குரியவரிடமும், ஒரு பிரதி வேறு ஊரிலுள்ள உறவினரிடமும், அச்சிட்ட பிரதி ஒன்று படத்திலுள்ளவரின் வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

படமெடுக்குமுன் அனுமதி கேட்பதும் கடமையே. பாட்டியின் பழைய சேலை, பாதி இடிந்த லயச் சுவர் ஆகியவற்றை ஊராருக்குக் காட்டுவதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவற்றுக்கு உடையவர்க்கே உண்டு. அச்சிட்ட படத்தின் பின்புறத்தில் பென்சிலால் மூன்று செய்திகளை எழுதுதல் வேண்டும்: பெயர், தோட்டத்தின் எந்தப் பிரிவு, எந்நாள். பேரூர்க் காட்சிசாலைகளிலுள்ள பழைய படங்களில் விடுபட்டுப்போனவை பெரும்பாலும் இம்மூன்றுமே.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் தெரிவு எளிதாகின்றது. நாள்தோறும் தோளில் மாட்டிச் செல்லக்கூடிய எடை, கண்துளை, அகன்ற துவாரமுள்ள ஒரே வில்லை, மேலதிக மின்கலம், ஈரம் புகாத ஒரு பெட்டி. இவ்வைந்தும் அமைந்த கமரா எந்த நிறுவனத்தினதாயினும் சபரகமுவத் தோட்டத்துக்கு ஏற்றதே. விலையுயர்ந்த பெருங்கருவியை மழைக்கு அஞ்சிப் பெட்டியிலேயே பூட்டி வைப்பவரைவிட, சிறு கருவியுடன் பிரட்டுக்களத்துக்கும் ரப்பர் மலைக்கும் கோயில் வாசலுக்கும் நடந்து செல்பவரே தம் மக்களுக்கு அதிகம் விட்டுச்செல்வார்.