பழைய பாட்டுப் பெட்டி: பழுது பார்க்கவா, புதுசு வாங்கவா?

எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில், எம்பிராய்டரி துணி போர்த்திக்கொண்டு ஒரு ஸ்டீரியோ செட் இருக்கிறது. மாமனார் 1984-ல் சிங்கப்பூரிலிருந்து ஆசை ஆசையாய்க் கொண்டு வந்தது. ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு பிளேயர், கேசட் டெக், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். அவர் இருந்தவரை, விடிந்தால் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் கேட்டபடிதான் எங்கள் வீட்டில் பால் காயும்.

அவர் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சமீபத்தில் குழந்தைக்காகப் போட்டுப் பார்த்தேன். ஒரே 'கொர்' இரைச்சல்! ஒரு ஸ்பீக்கர் கரகரத்தது. பாட்டோ, தூக்கக் கலக்கத்தில் பாடுவது போல் இழுத்தது.

"தூக்கிப் போட்டுட்டு சின்னதா ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிடலாமே" என்றார் இவர். மாமியார் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைத் துடைப்பவர், அன்று செவ்வாய்க்கிழமையே துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெரிந்த மெக்கானிக் பெரியவர் ஒருவரை வரவழைத்தேன். அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்குமே!

நாமே செய்யும் சோதனை

ஒரு ஸ்பீக்கர் மட்டும் கரகரக்கிறதா? சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ஆம்ப்ளிஃபயரிலோ பிளேயரிலோ இருக்கிறது. அதே ஸ்பீக்கரில் நின்றால், கோளாறு அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோதான்.

ரிக்கார்டு போடும்போது மட்டும் இரைச்சலா? பிளேயரிலிருந்து வரும் மெல்லிய எர்த் ஒயர், ஆம்ப்ளிஃபயர் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் வைத்தியம் அவ்வளவுதான்!

பழுது பார்க்கத் தகுந்தவை

பாட்டு இழுத்தால், பெரும்பாலும் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். பெல்ட் மாற்றுவது சின்ன வேலை. ஊசியும் அப்படியே. தேய்ந்த ஊசியோடு போட்டால் ரிக்கார்டே பாழாகும். அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்சு வளையம் 15, 20 வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும். எங்கள் வீட்டில் அதுதான் நடந்திருந்தது. பயப்பட வேண்டாம், வளையத்தை மட்டும் மாற்றலாம்.

எல்லாவற்றிலும் இரைச்சல் வந்தால், ஆம்ப்ளிஃபயருக்குள் கண்டென்சர்கள் காய்ந்திருக்கலாம். இவையும் மாற்றக்கூடியவைதான். வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் கரகரத்தால், அநேகமாக உள்ளே அழுக்கு. சுத்தம் செய்தால் போதும்.

யோசிக்க வேண்டியவை

அந்த மாடலுக்கென்றே செய்த ஐ.சி., சி.டி. பிளேயரின் லேசர் பகுதி, உடைந்த பல்சக்கரம் இவற்றுக்கு உதிரி கிடைப்பது கஷ்டம். "எப்படியாவது ஓட்டித் தரேன்" என்பவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். என்ன மாற்றப் போகிறார், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது: அதே தரத்தில் புதுசு வாங்கும் விலையில் பாதிக்குள் செலவு என்றால் பழுது பாருங்கள். தாண்டினால் புதுசு. ஆனால் முழு செட்டையும் தூக்கிப் போட வேண்டியதில்லை. நல்ல ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்துகிற புது ஆம்ப்ளிஃபயர் மட்டும் வாங்கலாம். சமையல் செய்துகொண்டே பாட்டுக் கேட்டால் போதும் என்பவர்களுக்குச் சின்ன ஸ்பீக்கரே தாராளம்.

குழந்தை இருக்கும் வீட்டில்

கருகிய வாடையோ புகையோ வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். மெக்கானிக் பார்க்கும்வரை மீண்டும் போடாதீர்கள். மூடியை நீங்கள் கழற்றவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120 வோல்ட். அங்கே விற்ற செட்டை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துபோகும். பின்பக்கம் எழுதியிருப்பதைப் பாருங்கள். உதிர்ந்த ஸ்பாஞ்சுத் தூளைக் குழந்தை வாயில் வைக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழித்துக்கட்டும் சாமானைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் பெல்ட், ஊசி, வளையம், கண்டென்சர் எல்லாம் மாற்றினோம். புது செட் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கேசட் டெக்குக்கு மட்டும் சாமான் கிடைக்கவில்லை, மனசில்லாமல்தான் விட்டுவிட்டோம்.

மறுநாள் விடியற்காலை சுப்ரபாதம் ஒலித்தது. அடுப்படியிலிருந்து வந்த மாமியார் கொஞ்ச நேரம் நின்று கேட்டார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைம்மா, குழந்தை தூங்கறா. அவர்கிட்டேயும் தினம் இதைத்தான் சொல்லிண்டிருந்தேன்" என்றார்.

எம்பிராய்டரி துணியை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். இனி அதற்கு வேலையில்லை.