நெற்றியில் முத்தமிட்டால் உப்பு! நெஞ்சுக்குள்ளே குதிரை ஓட்டம்! தெரியுமா?

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, சாலைத் தெருவுக்குள் நாலு எட்டு வையுங்கள். ஒரு பக்கம் வற்றல் மிளகாய் நெடி, இன்னொரு பக்கம் பிச்சிப்பூ வாசம், நடுவில் சுமைக்காரரின் "வழி, வழி!" தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து விலை பேசும் தெரு இது! திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய சந்தை. இந்தத் தெருவில் கடை நடத்திக்கொண்டே இந்தத் தெரு மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015இல் அவருக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது!

இந்தச் சந்தையில் மிக மலிவான சரக்கு எது? கல்லுப்புதான்! அந்த உப்பு ஒரு நோயைக் காட்டிக்கொடுக்கும் என்றால் நம்புவீர்களா? அதே உப்பு குறைந்தால் இதயம் தறிகெட்டு ஓடும் என்றால்?

அந்த நோயின் பெயர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வரும் மரபணு நோய். நுரையீரலில் சளி பசை போல் இறுகும். கணையத்தின் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். வியர்வையில் உப்பு கொட்டும்!

நெற்றியில் முத்தமிடும்போது உப்பு கரிக்கும் குழந்தை நெடுநாள் வாழாது என்று ஐரோப்பியக் கிராமங்களில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு நம்பிக்கை இருந்தது தெரியுமா? காரணம் யாருக்கும் தெரியாது. ஆனால் தாய்மாரின் உதடு நோயைக் கண்டுபிடித்திருந்தது!

மருத்துவம் அந்த இடத்துக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆனது? 1938இல்தான் டோரத்தி ஆண்டர்சன் என்ற பெண் மருத்துவர் இதைத் தனி நோயாக அடையாளம் கண்டார். 1948இல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை. வெயிலில் சுருண்டு ஆஸ்பத்திரிக்கு வந்த குழந்தைகள் பலருக்கு இந்த நோய் இருந்தது! ஏன் இவர்கள் மட்டும் சுருள்கிறார்கள்? பால் டி சான்டாக்னீஸ் என்ற மருத்துவர் அந்தக் கேள்வியை விடவில்லை. இவர்களுடைய வியர்வையில் உப்பு மிக அதிகம் என்று 1953இல் எழுதினார். வெயில் காட்டிக்கொடுத்த நோய் இது!

இன்றும் நோயை உறுதிசெய்ய முதல் பரிசோதனை எது தெரியுமா? வியர்வைதான்! ஊசி இல்லை, கத்தி இல்லை. பைலோகார்ப்பின் என்ற மருந்தைக் கையில் வைத்து, மெல்லிய மின்சாரம் கொடுத்து வியர்க்க வைக்கிறார்கள். அரை மணி நேரம் வியர்வையைச் சேகரித்து, குளோரைடை அளக்கிறார்கள். லிட்டருக்கு 30 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நோய் இருக்க வாய்ப்பு குறைவு. 60ஐத் தொட்டால் எச்சரிக்கை மணி! 100ஐத் தாண்டும் குழந்தைகளும் உண்டு!

எல்லாவற்றுக்கும் காரணம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தால் அசந்துபோவீர்கள்! ஏழாவது குரோமோசோமில் ஒரு மரபணு. அது 1,480 அமினோ அமிலங்களைக் கோத்து ஒரு புரதத்தைச் செய்கிறது. செல்லின் சவ்வில் உப்பு போய்வரும் கதவு அந்தப் புரதம்தான். அந்த 1,480 மணிகளில் ஒரே ஒரு மணி, 508ஆவது மணி, விட்டுப்போனால் போதும்! மாலையே அறுந்த மாதிரிதான்! இதைக் கண்டுபிடித்து 1989இல் அறிவித்தது லாப்-சீ சூய், ஃபிரான்சிஸ் காலின்ஸ், ஜாக் ரியோர்டன் ஆகியோரின் கூட்டணி.

'இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது' என்று இந்தியாவில் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். தவறு! நம் பிள்ளைகளுக்கும் வருகிறது. ஆனால் ஆஸ்துமா என்றும் காசநோய் என்றும் பெயர் மாறிப்போய்விடுகிறது. என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

சரி, இதயத்துக்கு வருவோம்!

நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு எத்தனை? 1,03,680! அதுவே 120 ஆனால்? 1,72,800! ஒரே நாளில் ஏறக்குறைய 70,000 துடிப்பு கூடுதல்! ஓடவில்லை, மாடி ஏறவில்லை, நோயாளி கட்டிலில் படுத்திருக்கிறார். ஆனால் இதயம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

வேகம் என்றாலே நோய் என்று பயப்பட வேண்டாம். தேன்சிட்டு போல் பூவில் தேன் குடிக்கும் அமெரிக்க ஹம்மிங் பறவையின் இதயம் நிமிடத்துக்கு 1,200 தடவை வரை துடிக்கும்! ஆழ்கடலில் மூழ்கிய நீலத் திமிங்கிலத்தின் இதயம் நிமிடத்துக்கு 2 துடிப்பு வரை இறங்கியதை 2019இல் அளந்தார்கள்! கைக்குழந்தைக்கு 140 இருந்தால்கூட அது இயல்பு. பெரியவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது 60 முதல் 100 வரை.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரின் இதயம் ஏன் அடிக்கடி 100ஐத் தாண்டுகிறது? இதயம் கெட்டுவிட்டதா? பெரும்பாலும் இல்லை! இதயம் இங்கே குற்றவாளி அல்ல, சேதி கொண்டுவருபவர்!

நுரையீரலில் சளி அடைத்தால் ஆக்சிஜன் குறையும். கிடைக்கும் கொஞ்சத்தை உடம்பெங்கும் வேகமாகக் கொண்டுசேர்க்க இதயம் ஓடும். கிருமித் தொற்றால் காய்ச்சல் வந்தால்? உடல் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் 10 கூடும்! மூச்சு விடுவதே இவர்களுக்கு உடற்பயிற்சி மாதிரி. படுத்திருந்தாலும் எரிபொருள் அதிகம் செலவாகும்.

அடுத்து உப்பு! கும்ப மாதத்து வெயிலை நினைத்துப் பாருங்கள். சாலைக்குப் பக்கத்து ஆற்றுகாலில் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் பொங்காலை. 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடி கின்னஸ் ஏறிய விழா! அந்த அடுப்புச் சூட்டில் எல்லோரும்தான் வியர்வையில் நனைகிறார்கள். நமக்கு வியர்வையோடு போகும் உப்பில் பெரும்பகுதியைத் தோல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த நோய் உள்ளவருக்கு அந்தக் கதவு திறப்பதே இல்லை. போனது போனதுதான்! உப்போடு நீரும் போகும். ரத்தத்தின் அளவு குறையும். எழுந்து நின்றதும் தலை சுற்றும், நாடி எகிறும்!

இன்னொரு விபரீதமும் உண்டு. உப்பு இழந்த உடம்பு சோடியத்தைக் காப்பாற்றப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் விட்டுவிடும்! பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் தாளமே தப்பும். இந்தியாவில் சில கைக்குழந்தைகளுக்கு நோயின் முதல் அறிகுறியே இருமல் அல்ல, இந்த உப்பு வறட்சிதான் என்பது தெரியுமா?

அப்படியானால் இளநீர் குடித்தால் சரியாகிவிடுமா? இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு! இவர்களுக்கு அவசரமாக வேண்டியது சோடியம். அதனால் இளநீர் மட்டும் போதாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருக்கிறதே, அதில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம்! இவ்வளவு சின்னப் பொட்டலம் உயிரைப் பிடித்து நிறுத்துகிறது!

ஊரெல்லாம் டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? 'உப்பைக் குறை, நெய்யைக் குறை, அப்பளத்தைத் தொடாதே!' இந்த நோய்க்காரரிடம் மட்டும் என்ன சொல்வார்கள் தெரியுமா? உப்பு கூட்டிச் சாப்பிடு! நெய் ஊற்று! உப்பேரி தின்னு! சாலையில் பலசரக்குக் கடை அண்ணாச்சி நிறுத்துக் கொடுக்கும் ஏத்தங்காய் வற்றலும் பப்படமும் உப்பு மாங்காயும் இவர்களுக்கு மருத்துவர் சொல்லித்தரும் பத்தியம்! கணையச் சாறு குடலுக்கு வராததால் பலர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஜீரண நொதிக் கேப்ஸ்யூல் விழுங்க வேண்டும். பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த நொதி அது!

உப்பை இழக்கும் இவர்கள் உப்பையே மூச்சாக உறிஞ்சுகிறார்கள், தெரியுமா? ஆஸ்திரேலியாவில் கடலலையில் சறுக்கி விளையாடும் நோயாளிகளுக்கு நுரையீரல் நன்றாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். கடல் உப்புக் காற்று சளியை இளக்குகிறதோ? சோதித்தார்கள், 2006இல் முடிவு வந்தது! இன்று நெபுலைசரில் 7 சதவீத உப்புநீர் வைத்து உறிஞ்சுகிறார்கள். சங்குமுகம் கடல்நீரில் உப்பு எவ்வளவு? சுமார் 3.5 சதவீதம். இது கடலைப்போல் இரண்டு மடங்கு!

இப்போது சிக்கலான இடம். நுரையீரல், இதயம் என்று இரண்டு தொல்லையும் ஒரே உடம்பில் இருப்பவரின் நிஜமான போராட்டம் இதில்தான் இருக்கிறது.

மூச்சுக்குழல் விரிய சால்பியூட்டமால் உறிஞ்ச வேண்டும். உறிஞ்சினால் என்ன ஆகும்? கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும்! படபடப்பை அடக்க புரோப்ரனலால் போன்ற மாத்திரை உண்டு. 1960களில் அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால் அது மூச்சுக்குழலைச் சுருக்கிவிடக்கூடும்! நுரையீரல் மருந்து இதயத்தை விரட்டுகிறது, இதய மருந்து நுரையீரலை இறுக்குகிறது! கிருமியை அடக்க மாதக்கணக்கில் கொடுக்கும் அசித்ரோமைசின் சிலருக்கு இதயத்தின் மின்னோட்டத்தை மாற்றக்கூடும். அதனால் இடையிடையே இ.சி.ஜி. பார்க்கிறார்கள். அடினோசின் என்றொரு ஊசி. திடீரென்று 180, 200 என்று ஓடும் இதயத்தை நொடியில் நிறுத்தி நிதானப்படுத்தும். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் 10 நொடிகூட இல்லை! அதுவும் மூச்சுக்குழலைச் சுருக்கலாம்! நுரையீரல் மருத்துவரும் இதய மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியே தீர வேண்டிய நோய் இது. ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவரிடம் காட்டாமல் இருக்கவே கூடாது!

சாலையில் வெங்காய மூட்டையை எடுத்துப் போடும்போது அழுகல் வாடை அடித்திருக்கிறதா? 1950இல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெங்காயத்தை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். அதற்கு இன்று அவர் பெயர்தான். பர்க்ஹோல்டேரியா செபேசியா! செபா என்றால் லத்தீனில் வெங்காயம். நல்ல நுரையீரலை அது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரலில் புகுந்தால் கொடிய எதிரி! இப்படிப்பட்ட கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தாவும் என்பதால், இந்த நோய் உள்ள இருவர் அருகருகே உட்காரவே கூடாது! இடையில் 6 அடி இடைவெளி வேண்டும்! ஒருவர் வலி இன்னொருவருக்குத்தான் புரியும். ஆனால் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லக்கூட வழியில்லை!

ஓர் அற்புதத்தையும் கேளுங்கள். 1987 மே மாதம், அமெரிக்காவின் பால்டிமோர். நுரையீரல் அழிந்துபோன ஒரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிக்கு வேறொருவரின் இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே பொருத்தினார்கள். அன்று அதுதான் எளிதான முறை. அப்படியானால் அவருடைய சொந்த இதயம்? நல்ல இதயமாயிற்றே! அதை எடுத்து இன்னொரு நோயாளிக்குப் பொருத்திவிட்டார்கள்! உயிரோடு இருந்துகொண்டே இதயத்தைத் தானம் செய்த மனிதர்! மூச்சுக்காக ஆண்டுக்கணக்கில் ஓடிக் களைத்த அந்த இதயம் வேறொரு நெஞ்சில் போய்த் துடித்தது!

இதயம் என்றதும் திருவனந்தபுரத்துக்காரர்கள் நெஞ்சை நிமிர்த்தலாம். சாலையிலிருந்து சில கிலோமீட்டரில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம். டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இங்கே உருவானதுதான் இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வு! முதல் மூன்று வடிவங்கள் தேறவில்லை. நான்காவது வென்றது! 1990 டிசம்பர் 6இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு எத்தனை தடவை தெரியுமா? ஏறக்குறைய 4 கோடி!

அந்தக் கழகம் இருக்கும் மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே எஸ்.ஏ.டி. மருத்துவமனை. அரிய நோய்களுக்கு மத்திய அரசு அங்கீகரித்த உயர்சிறப்பு மையங்களில் அதுவும் ஒன்று! 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கைப் பட்டியலில் சிஸ்டிக் ஃபைப்ரோசிசும் இருக்கிறது. இத்தகைய மையங்கள் வழியாக ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு!

50 லட்சம் பெரிய தொகையா? 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாஃப்டா மாத்திரையைப் பாருங்கள். இறுகிய உப்புக் கதவையே திறக்க வைக்கும் மருந்து! உறைந்திருந்த சளி சில மணி நேரத்தில் கழன்று வரத் தொடங்கியது என்று நோயாளிகள் சொன்னார்கள்! வியர்வையின் உப்பே இறங்கியது! 1950களில் பள்ளிக்கூட வாசலை எட்டுமுன் பிள்ளைகள் மடிந்த நோய் இது; இன்று இந்த நோயோடு அங்கே பிறக்கும் குழந்தைகள் 60 வயதைத் தாண்டுவார்கள் என்று கணக்கிடுகிறார்கள்! விலை? அறிமுகமானபோது ஓர் ஆண்டுக்கு 3,11,000 டாலர்! அன்றைய மதிப்பில் இரண்டு கோடி ரூபாய்க்கும் மேல்! மருந்து இருக்கிறது, கை எட்டவில்லை. இது நியாயமே இல்லை!

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பார்க்கச் செலவே கிடையாது. இந்த நோய் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் எண்ணி, ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். உங்கள் வழக்கம் 90 என்றால், ஒரு வாரமாக 110, 115 என்று ஏறுவது சளிக்கு முன்பே வரும் முன்னறிவிப்பாக இருக்கலாம்! மயக்கம், நெஞ்சுவலி, நீலம் பாரித்த உதடு என்றால் நோட்டை மூடிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

குழந்தை உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. எவ்வளவு ஊட்டியும் எடை ஏறாமல், ஓயாமல் இருமி, எண்ணெய் மிதக்க மலம் கழிக்கும் பிள்ளையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்பு கரித்தால், நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் போய் இரண்டே வார்த்தை கேளுங்கள்: "வியர்வைப் பரிசோதனை!"